வில்லு இருக்கு, அம்பு எங்க?

அன்பின் ஐயாவுக்கு,

நான் தம்பிலுவில் பக்கத்தில் ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறேன். போன கிழமை காலையில் மழை விட்டதும் யன்னலால் வானவில் தெரிந்தது. பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். ஒரு பொடியன், "ரீச்சர், வில்லு இருக்கு, அம்பு எங்க?" என்று கேட்டான். இன்னொரு பிள்ளை, "நம்மட தம்பிலுவில், பொத்துவில் எல்லாம் இந்த வில்லா?" என்றாள். இரண்டுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. இடைவேளையில் இதைப் பற்றிக் கதைத்தபோது, வானவில் என்பது ஆங்கிலச் சொல்லைப் பார்த்துச் செய்தது, பழைய பெயர் இந்திரவில்தான் என்று ஆசிரியர் ஒருவர் சொன்னார். அது சரியா? நான் வகுப்பில் எந்தப் பெயரைச் சொல்லிக்கொடுப்பது?

ஓர் ஆசிரியை, தம்பிலுவில், கிழக்கிலங்கை

அன்புள்ள ரீச்சருக்கு,

மழை விட்டவுடன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போனீர்களே, அதற்கு முதலில் நன்றி. உங்கள் கடிதம் இரண்டு நாளாக என் மேசையில் இருக்கிறது. வேறு எதையும் எழுத முடியவில்லை.

உங்கள் ஆசிரியர் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். ஆங்கிலத்தின் 'ரெயின்போ' மழையின் வில். நம்முடையது வானத்தின் வில். பார்த்துச் செய்திருந்தால் மழைவில் என்றல்லவா வந்திருக்கும்? மலையாளத்தில்தான் மழவில்லு என்கிறார்கள். மழையோடு வருவதை மழையோடு சேர்த்துச் சொல்ல அவர்களுக்கும் ஆங்கிலம் தேவைப்பட்டிருக்காது. ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவம் 'ரெக்ன்போகா'. அதில் வரும் 'போகா'வுக்கு வளைந்தது என்று பொருள். முழங்கையை 'எல்போ' என்கிறார்களே, அதில் இருக்கும் 'போ'வும் அதே சொல்தான். பிரெஞ்சுக்காரர் சொல்லும் 'ஆர்க் ஆன் சியெல்' வானத்தில் உள்ள வளைவு. நம் வானவில்லுக்குப் பொருளில் கிட்ட வருவது அதுதான். மழை பெய்யும் ஊர்களிலெல்லாம் மனிதர்கள் இதைப் பார்த்திருக்கிறார்கள், வளைந்திருப்பதையும் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் பெயரை மற்றவர் எடுத்தார் என்று சொல்ல அந்த ஒற்றுமை மட்டும் போதாது.

தமிழில் இதை வில் என்று சொல்வது மிகவும் பழையது. புறநானூற்றின் 20ஆம் பாட்டைப் பாருங்கள். சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைக் குறுங்கோழியூர் கிழார் பாடியது. அதில் இந்த இரண்டு அடிகள் வருகின்றன:

திருவில் அல்லது கொலைவில் அறியார்
நாஞ்சில் அல்லது படையும் அறியார்

உன் நாட்டு மக்களுக்கு வில் என்றால் வானத்தில் தோன்றும் திருவில் மட்டும்தான் தெரியும், கொல்லும் வில் தெரியாது. கருவி என்றால் கலப்பை தெரியும், போர்க்கருவி தெரியாது. இதற்குச் சற்று முன்னால் இன்னொன்றும் சொல்கிறார். சோறு சமைக்கிற தீயின் சூட்டையும் வெயிலின் சூட்டையும் தவிர வேறு சூடு அறியாதவர்கள் உன் நிழலில் வாழ்கிறவர்கள் என்கிறார்.

இந்தப் பாட்டை நான் முதலில் படித்தது பரீட்சைக்காக. பொழிப்பைப் பாடமாக்கி எழுதிவிட்டு மறந்துவிட்டேன். பிறகு ஒரு காலம் வந்தது. எங்கள் வட்டையின், அதாவது வயல்வெளியின், வரம்பால் இரவோடு இரவாகச் சனம் சட்டி பானையோடு நடந்து போனதையும், வெட்டாத வெள்ளாமை அப்படியே நின்று சாய்ந்ததையும், அடுப்பு நெருப்புக்கும் வெயிலுக்கும் சம்பந்தமில்லாத வேறு சூட்டில் கூரைகள் எரிந்ததையும் கண்டேன். அதற்குப் பிறகு இந்தப் பாட்டை எடுத்துப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. ஒரு புலவர் ஒரு நாட்டின் நிம்மதியைச் சொல்ல வேண்டும். அரண்மனையையும் பொன்னையும் விட்டுவிட்டு, அடுப்பையும் கலப்பையையும் வானவில்லையும் எடுத்துச் சொல்கிறார். மூன்றும் எந்த வட்டையிலும் வாடிக் குடிசைக்குப் பக்கத்தில் நின்றால் கண்ணில் படக்கூடியவை.

உங்கள் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் 2009க்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களில் ஒருவன் வானத்தைப் பார்த்து அம்பு எங்கே என்று கேட்டதை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று சொல்ல முடியாது.

சரி, திருவில் என்றால் என்ன? திரு என்பதற்குச் செல்வம், அழகு, மங்கலம் என்று பல பொருள் உண்டு. எதை எடுத்தாலும் இங்கே பொருந்தும். ஆனால் கொலைவில் என்ற சொல்லுக்கு எதிரே நிற்கும்போது, உயிர் வாழ வைக்கும் வில் என்றுதான் எனக்குக் கேட்கிறது. வில் என்பதற்கு ஒளி என்ற பொருளும் தமிழில் உண்டு. வில்லிடுதல் என்றால் ஒளிவிடுதல். அதை வைத்து வானவில் என்றால் வானத்து ஒளி என்று யாராவது விளக்கம் சொல்லக்கூடும். கேட்க நன்றாக இருக்கும், நான் அதை ஏற்கமாட்டேன். கொலைவில்லோடு ஒப்பிட்டுப் பேசும் புலவரின் மனதில் இருப்பது கையில் பிடிக்கும் வில்தான்.

இந்திரவில் என்ற பெயரிலும் பிழை இல்லை. இந்திரன் மழைக்குத் தெய்வம். தொல்காப்பியம் 'வேந்தன் மேய தீம்புனல் உலகம்' என்று வயல் நிலத்தைச் சொல்கிறது. அந்த வேந்தன் இந்திரன் என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். உங்கள் பாடசாலைக்கு மேற்கே கிடக்கும் வயல்வெளி அந்தக் கணக்கில் மருதம், அதாவது இந்திரனுடைய நிலம். வடமொழியில் இந்திரதனுஷ் என்றும் இந்திராயுதம் என்றும் சொல்வார்கள்.

இந்த இடத்தில்தான் அந்தப் பொடியனுடைய கேள்விக்குப் பதில் இருக்கிறது. மழைத் தெய்வத்தின் கையில் வில் என்றால், அம்பு மழைதான். ஆண்டாள் திருப்பாவையில் மழையைக் கூப்பிடும்போது, 'சார்ங்கம் உதைத்த சரமழை போல் வாழ உலகினில் பெய்திடாய்' என்கிறார். சார்ங்கம் திருமாலின் வில். அந்த வில்லிலிருந்து பாயும் அம்புகளைப் போலப் பெய், ஆனால் உலகம் வாழப் பெய் என்று கேட்கிறார். கதைகளில் 'அம்புமாரி பொழிந்தான்' என்று வருமே, அதே மாரியைத்தான் நாம் முன்மாரி, பின்மாரி என்று வெள்ளாமைக்குச் சொல்கிறோம். ஆகவே அவனிடம் சொல்லுங்கள்: அம்பெல்லாம் ஏற்கெனவே விழுந்துவிட்டது, வாசலில் தேங்கி நிற்பது அதுதான் என்று.

என் அம்மம்மா வில்லை விரல் நீட்டிக் காட்ட விடமாட்டார். காட்டினால் விரல் கூனிப்போகும் என்பார். கையை மடக்கி முட்டியால் காட்டுவோம். பின்னாளில் மனுநூலைப் புரட்டியபோது, வானத்தில் இந்திராயுதத்தைக் கண்டால் அறிவுள்ளவன் அதை இன்னொருவருக்குக் காட்டக்கூடாது என்று இருந்தது. அம்மம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அவருக்கு அது எந்த வழியால் வந்ததோ, வீட்டுக்கு வீடு வாயால் வந்திருக்க வேண்டும். நீங்கள் விரல் நீட்டித்தான் காட்டியிருப்பீர்கள். பரவாயில்லை, பிள்ளைகள் பார்ப்பதுதான் முக்கியம்.

உங்கள் மாவட்டத்தில் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இந்த வில்லுக்கு வேறு பெயர்களையும் கேட்கலாம். சிங்களத்தில் தேதுன்ன. 'துன்ன' என்றால் வில், முன்னால் நிற்கும் 'தே' தேவ என்பதன் சுருக்கம். தேவனுடைய வில். அக்கரைப்பற்றில் அரபு படித்த மௌலவி ஒருவரைக் கேட்டால் 'கவ்ஸு குஸஹ்' என்பார். கவ்ஸ் என்றால் வில். குஸஹ் என்பது இஸ்லாத்துக்கு முந்திய காலத்து மழை இடித் தெய்வத்தின் பெயர் என்பார்கள் சிலர். நிறக்கோடுகள் என்பதுதான் அதன் பொருள் என்று அரபு அகராதிகளில் இன்னொரு விளக்கமும் உண்டு. இந்தியாவில் கன்னடக்காரருக்கு இது காமன பில்லு, காமனுடைய வில். தெலுங்கில் ஹரிவில்லு. ஒருவர் இந்திரன் கையில் கொடுக்கிறார், ஒருவர் காமன் கையில், ஒருவர் ஹரி கையில். ஆனால் எல்லோரும் வில்லைத்தான் கொடுக்கிறார்கள். நம் வானவில்லும் திருவில்லும் யாருடையது என்று சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது. வில்லை வானத்திலேயே விட்டுவிட்டோம்.

இனி அந்தப் பிள்ளையின் கேள்வி. தம்பிலுவில், பொத்துவில், கோளாவில் என்று உங்கள் பக்கத்து ஊர்களில் வரும் வில், வானவில்லின் வில் அல்ல. பொதுவாகச் சொல்லப்படும் விளக்கத்தின்படி அது நீர்நிலை. யாழ்ப்பாணத்துக் கொக்குவில்லுக்கும் இணுவிலுக்கும் இதே விளக்கத்தைச் சொல்வார்கள். மகாவலி ஓரத்துத் தாழ்நிலங்களில் மாரியில் நிரம்பிக் கோடையில் வற்றிக் கிடக்கும் நீர்நிலைகளை இன்றும் வில்லு என்றுதான் அழைக்கிறார்கள். வில்பத்துக் காட்டுக்குப் பெயர் வந்ததும் அங்கே இருக்கும் வில்லுகளால். சிங்களத்தில் 'வில' என்பதும் குளம்தான். ஒரே ஒலி, இரண்டு சொல். அந்தப் பிள்ளை தன் ஊர்ப் பெயரைப் பிரித்துப் பார்த்திருக்கிறாள் பாருங்கள், எத்தனை பெரியவர்கள் அதைச் செய்கிறார்கள்? அவளை நான் சுகம் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் எழுதாமல் விட மனமில்லை. வானவில் எப்போதும் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் நிற்கும். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பார்த்தால், சூரியனுக்கு நேர் எதிரான புள்ளியைச் சுற்றி 42 பாகையில் அந்த வளைவு விழும். துளிக்குள் புகுந்த ஒளி ஒரு தரம் மடங்கி, உள்சுவரில் பட்டுத் திரும்பி, வெளியே வரும்போது மறுபடி மடங்குவதால் அப்படி ஆகிறது. சூரியன் 42 பாகைக்கு மேல் ஏறிவிட்டால் தரையில் நிற்கிறவருக்கு வில் கிடையாது. நம் பகுதியில் ஏறக்குறையக் காலை ஒன்பது மணிக்கு முன்னும் பின்னேரம் மூன்று மணிக்குப் பின்னும்தான் அதற்கு நேரம். ஆகவே மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கத்தை எழுவான்கரை, மேற்குப் பக்கத்தைப் படுவான்கரை என்று சொல்கிறோமே, காலை வில் படுவான் பக்கம் நிற்கும். பின்னேர வில் எழுவான் பக்கம், கடலுக்கு மேலே நிற்கும்.

சின்ன வயதில் ஒரு மாரிகாலக் காலையில், குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்குப் படகுப்பாதையில், அதாவது ஆட்களை ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவையில், போனோம். முன்னால் படுவான்கரை முழுவதையும் அணைத்துக்கொண்டு வில் நின்றது. ஒரு கால் வயலுக்குள், ஒரு கால் வாவிக்குள். கிட்டப் போனால் தொடலாம் என்று பாதையின் முன்விளிம்பில் நின்றேன். நாங்கள் போகப் போக அதுவும் பின்னால் போனது. அம்மம்மா சொன்னார்: "படுவான்ல வில்லுப் போட்டா மழை கடந்துட்டு. எழுவான்ல போட்டா இன்னும் கிடக்கு." வாடைக்காலத்தில் மழை கடலிலிருந்து வருகிறது. படுவானில் வில் என்றால் மழைமுகில் நம்மைத் தாண்டி உள்ளே போய்விட்டது. எழுவானில் வில் என்றால் இன்னொரு மழை கடலில் காத்திருக்கிறது. மாரிக்கு அவர் கணக்கு அநேகமாகச் சரியாகவே இருக்கும். சித்திரையில் பின்னேரம் மேற்கிலிருந்து இடித்துக்கொண்டு வரும் மழைக்கு இது செல்லாது, அப்போது எல்லாம் தலைகீழ். இங்கிலாந்தில் காலை வில்லைக் கண்டால் கடலோடிகள் பயப்படுவார்களாம், ஏனென்றால் அங்கே பெரும்பாலும் மழை மேற்கிலிருந்து வருகிறது. பாடப்புத்தகத்தில் எப்போதாவது அந்தப் பழமொழி வந்தால், இது நம் கரைக்கு அல்ல என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள்.

வகுப்பில் வானவில் என்றே சொல்லிக்கொடுங்கள். சோதனையிலும் அதையே எழுதட்டும். இந்திரவில்லைக் கதையோடு சொல்லுங்கள். திருவில்லை மட்டும் கரும்பலகையில் தனியாக எழுதி, அந்த இரண்டு அடிகளையும் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். முழுப் பாட்டும் அவர்களுக்கு இப்போது விளங்காது, இந்த இரண்டு அடி விளங்கும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளின் வீடுகளில் அப்பப்பாவும் அம்மம்மாவும் இந்த வில்லுக்கு என்ன பெயர் சொல்கிறார்கள், விரல் நீட்ட விடுகிறார்களா, எந்தப் பக்கம் கண்டால் மழை என்கிறார்கள் என்று கேட்டு வரச் சொல்லுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் வாயில் வந்தபடியே எழுதி எனக்கு அனுப்புங்கள். மாரி முடிவதற்குள் கிடைத்தால் நல்லது, இங்கே மண்டூரிலும் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அன்புடன்.