வேலை வாங்க நகையை அடகு வைக்காதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 31. திருப்பூரில் இருக்கிறோம். ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் நான்கு ஆண்டுகள் டேலி, ஜிஎஸ்டி வேலை பார்த்தேன். மகன் பிறந்ததும் விட்டுவிட்டேன். அவனுக்கு இப்போது இரண்டு வயது. கணவருக்கு 32,000 ரூபாய் சம்பளம், வாடகை 8,500. வீட்டிலிருந்தே ஏதாவது சம்பாதிக்கலாம் என்று முயன்றேன். டேட்டா என்ட்ரி வேலைக்குப் பதிவுக் கட்டணம் 4,500 கட்டினேன். பிழை அதிகம் என்று வக்கீல் நோட்டீஸ் வந்தது. பயந்து 8,500 அனுப்பினேன். பிறகு டெலிகிராமில் ஓட்டல்களுக்கு நட்சத்திரம் போடும் வேலை. முதலில் 1,150 ரூபாய் வந்தது, அதன் பிறகு என் பணம் 46,000 போய்விட்டது. 36,000 ரூபாய்க்கு லேப்டாப் வாங்கினேன். நாத்தனார் சேர்ந்திருக்கும் ஆரோக்கியப் பொருள் நிறுவனத்தில் 25,000 கட்டினேன். 1,200 ரூபாய் டப்பாவுக்கு 20 சதவீதம் கமிஷன். மூன்று மாதத்தில் ஆறு டப்பா விற்றிருக்கிறேன். இதற்கெல்லாம் நகையை மூன்று முறையாக அடகுக் கடையில் வைத்து மொத்தம் 1,20,000 வாங்கியிருக்கிறேன், இரண்டு வட்டி. லேப்டாப் தவிர மற்றது எதுவும் கணவருக்குத் தெரியாது. அடுத்த நிலைக்குப் போக இன்னும் 40,000 கட்டச் சொல்கிறார் நாத்தனார். தோழி ஒருத்தி 15,000 ரூபாய் ஆப்ஷன் டிரேடிங் வகுப்பில் சேரச் சொல்கிறாள். வங்கிக் கணக்கை வாடகைக்குக் கொடுத்தால் 3 சதவீதம் தருவதாகவும் ஒரு செய்தி வந்தது. நம்பகமான ஒரு நிறுவனத்தின் பெயரை மட்டும் சொல்லுங்கள்.

பதில்: பெயர் சொல்ல மாட்டேன், சகோதரி. நான் சொல்லும் நிறுவனம் நல்லதாகவே இருந்தாலும், அதே பெயரை ஒட்டிக்கொண்ட போலிதான் முதலில் உங்கள் வாட்ஸ்அப்புக்கு வரும். இப்போதுள்ள மனநிலையில் அதற்கும் பணம் கட்டிவிடுவீர்கள்.

ஓடிபி சொல்லாதீர்கள், தெரியாத இணைப்பைத் தொடாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. அவை உங்களைக் காப்பாற்றவில்லை, ஏனென்றால் யாரும் உங்கள் பணத்தைத் திருடவில்லை, நீங்களே அனுப்பினீர்கள். டேட்டா என்ட்ரி, நட்சத்திரம், டப்பா என்று ஏமாற்று மூன்று விதமாக இருந்தாலும் அதற்கு முந்தைய காரியம் ஒன்றுதான். வேலை என்று ஒருவர் சொன்னதும் பீரோவைத் திறந்து நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போயிருக்கிறீர்கள். நிறுத்த வேண்டியது அதைத்தான்.

திருப்பூரில் இருந்துகொண்டு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் வருத்தம். உங்கள் தெருவிலேயே பனியன் பீஸ் மூட்டையை வாசலில் இறக்கிவிட்டுப் போவார்கள். பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக் கொடுப்பார்கள். கூலி குறைவுதான், உழைப்பு அதிகம்தான். ஆனால் மூட்டையைக் கொடுக்கும் கான்ட்ராக்டர், முதலில் நீ 4,500 கொடு என்று எந்தப் பெண்ணிடமும் கேட்பதில்லை. செய்த பீஸுக்கு அவர் காசு தருகிறார். கம்ப்யூட்டரில் செய்யும் வேலைக்கும் இந்த முறை மாறாது.

கணக்கைப் பார்ப்போம். 1,20,000 ரூபாய்க்கு இரண்டு வட்டி என்றால் மாதம் 2,400, வருடத்துக்கு 28,800. இத்தனை மாத முயற்சியில் கைக்கு வந்தது 1,150 ரூபாயும் ஆறு டப்பா கமிஷன் 1,440 ரூபாயும்; மொத்தம் 2,590. ஒரு மாத வட்டியைக் கட்டினால் மிச்சம் 190 ரூபாய். நாத்தனார் கேட்கும் 40,000 ரூபாயையும் அதே கடையில் வாங்கினால் வட்டி 3,200 ஆகும். டப்பாவுக்கு 240 ரூபாய் கமிஷன். அப்படியானால் மாதம் 13, 14 டப்பா விற்றால்தான் வட்டிக்கே கட்டும். நீங்கள் விற்றதோ மாதம் இரண்டு. வாங்கியவர்களும் முகத்துக்காக வாங்கியிருப்பார்கள், மறுபடி கேட்டால் கதவைச் சாத்துவார்கள்.

ஆகவே முதல் வருமானம் எங்கே கிடைக்கும் என்றால், அந்த அடகுக் கடையில்தான். பொதுத்துறை வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ நகைக்கடன் வட்டி வருடத்துக்குச் சுமார் 9, 10 சதவீதம். பத்து என்றே வைத்துக்கொண்டாலும் உங்கள் கடனுக்கு மாதம் 1,000 ரூபாய். கடனை இடம் மாற்றினாலே மாதம் 1,400 மிச்சம், ஒரு டப்பாகூட விற்க வேண்டாம். மொத்தமாக மீட்கப் பணம் இல்லையே என்பீர்கள். மூன்று தனி அடகுச் சீட்டுகள் இருக்கின்றன அல்லவா? குறைந்த தொகைக்கான சீட்டை முதலில் மீட்டு, அந்த நகையை வங்கியில் வையுங்கள். அடகுக் கடையில் நகையின் மதிப்புக்குக் குறைவாகவே கொடுத்திருந்தால் வங்கியில் கூடுதலாகக் கிடைக்கும். அதை வைத்து அடுத்த சீட்டுக்குப் போகலாம். ஆனால் வங்கி கூடுதலாகத் தருகிறதே என்று முழுவதையும் வாங்காதீர்கள். மீட்கத் தேவையான தொகை மட்டும்.

முதல் சீட்டை மீட்கும் பணத்துக்குக் கணவரிடம்தான் கேட்க வேண்டும். அவரிடம் சொல்லாமல் இதைச் செய்ய வழி இல்லை, தேடவும் வேண்டாம். கோபப்படுவார், படட்டும். ஏமாற்றியவன் ஒளிந்துகொள்ள இடம் கிடைப்பதே வீட்டில் சொல்லாமல் இருப்பதால்தான். நோட்டீஸைப் பார்த்து நீங்கள் 8,500 அனுப்பியதும், கணவருக்குத் தெரியாமல் முடித்துவிடலாம் என்ற பயத்தில்தானே?

அந்த நோட்டீஸைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இது பல பெண்களை வாட்டுகிறது. மங்கலான படக் கோப்புகளைக் கொடுப்பார்கள். எழுத்து உடைந்திருக்கும், பூஜ்யமா ஓ எழுத்தா என்றே தெரியாது. சில நாள் கெடுவுக்குள் நூற்றுக்கணக்கான பக்கங்களை அடித்து முடிக்க வேண்டும், 90 சதவீதம் பிழையின்றி இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம். யாராலும் முடியாது, முடியாதபடிதான் அமைத்திருக்கிறார்கள். பிறகு தராசுச் சின்னம் போட்ட தாளில் வழக்கு எண், கைது என்று மிரட்டல். ஒப்பந்தப்படி வேலை முடியவில்லை என்பது சிவில் விவகாரம், அதற்காகக் கைது கிடையாது. எந்த நீதிமன்றமும் யூபிஐ எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொல்லாது. இன்னொரு நோட்டீஸ் வந்தால் பதில் பேசாமல் பத்திரப்படுத்துங்கள், காவல் துறையிடம் காட்ட உதவும்.

டெலிகிராம் பணத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைத்திருந்தால் பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு இருந்தது. இப்போதும் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பரிவர்த்தனை எண்களோடு புகார் பதிவு செய்யுங்கள். பணம் திரும்பாவிட்டாலும் புகார் வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு வந்த 1,150 ரூபாய் ஏமாந்த வேறொருவரின் பணமாக இருக்கலாம். அவர் புகார் கொடுத்தால் உங்கள் கணக்கும் முடங்கும். இழந்ததை மீட்டுத் தருகிறேன், கட்டணம் கொடுங்கள் என்று ஒருவன் வருவான். அவனும் அதே கூட்டம்.

அந்த 46,000 ரூபாயில் ஒரு பகுதி, பணத்தை எடுக்க வரி என்ற பெயரில் போயிருக்கும் என்று நினைக்கிறேன். இந்த வகை மோசடியில் அதுதான் கடைசிக் கறவை. நான்கு ஆண்டுகள் வரி வேலை பார்த்தவர் நீங்கள். டிடிஎஸ் என்பது தருகிறவர் தரும் தொகையிலிருந்து பிடிப்பது. வாங்குகிறவர் முன்கூட்டி அனுப்பும் வரி எந்தச் சட்டத்தில் இருக்கிறது? உங்களுக்குத் தெரிந்ததை அந்த நேரத்தில் அவசரம் மறைத்துவிட்டது.

வங்கிக் கணக்கு வாடகை விஷயத்தில் ஒரே வார்த்தை: கூடாது. அந்த வழியாகப் போவது மோசடிப் பணம், காவல் துறை முதலில் தட்டும் கதவு கணக்குக்காரருடையது. டிரேடிங் வகுப்பும் வேண்டாம். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்டு ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்) வியாபாரம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2024 செப்டம்பரில் ஆய்வு வெளியிட்டது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரையைப் பார்க்கும் தாய் மீதி ஏழு சதவீதத்தில் வருவாள் என்று வகுப்பு நடத்துகிறவர் சொல்கிறார் என்றால், அவருக்குத் தேவை அந்த 15,000.

நாத்தனார் விஷயம் கடினம், ஏனென்றால் அவர் கெட்டவர் அல்ல, அவரும் கட்டி மாட்டிக்கொண்டவராக இருக்கலாம். 2021-இல் வந்த நேரடி விற்பனை விதிகள், ஆள் சேர்ப்பதற்கே பணம் தரும் பிரமிடு திட்டங்களைத் தடை செய்கின்றன. உங்கள் ஒப்பந்தத்தில் விலகிக்கொள்ளும் காலம் பற்றியும், விற்காத சரக்கைத் திரும்ப எடுப்பது பற்றியும் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சீல் உடைக்காத டப்பாக்களைத் திருப்பித் தர இன்றே எழுத்துமூலம் கேளுங்கள். ஒப்பந்தமே கொடுக்கவில்லை என்றால் அது என்ன நிறுவனம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 40,000 பற்றி நீங்கள் பேசாதீர்கள், உங்கள் கணவர் பேசட்டும். அவருடைய அக்கா அல்லவா? நாத்தனார் உங்களிடமே கேட்டால், "அண்ணி, வீட்டில் கடன் முடியும்வரை புதிதாக எதிலும் போடக் கூடாது என்று முடிவு செய்துவிட்டோம்" என்பதற்கு மேல் நீங்கள் விளக்கம் சொல்லத் தொடங்கினால், அதற்கெல்லாம் அவருடைய மேலாளர் பதில் தயாராக வைத்திருப்பார்.

இனி வேலை. தட்டச்சு தெரிந்த யாரும் செய்யக்கூடிய வேலையைத் தேடி அலைந்திருக்கிறீர்கள், அதனால்தான் ஏமாற்றுக்காரர்கள் கூட்டத்தில் போய் நின்றீர்கள். உங்கள் கையில் இருப்பது வேறு. மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் வியாபாரிக்கு விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்கு 11ஆம் தேதி கெடு, வரி கட்டும் 3பி படிவத்துக்கு 20ஆம் தேதி. அந்த நாள்களில் ஆடிட்டர் அலுவலகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்: மேசை முழுவதும் பில் கட்டு, வாசலில் நூல் கடைக்காரர், ஆள் போதவில்லை என்ற புலம்பல். பழைய ஆடிட்டருக்கு 21ஆம் தேதிக்கு மேல் போன் செய்யுங்கள், அப்போதுதான் காது கொடுத்துக் கேட்பார். எட்டுச் சிறு கடைகளின் பில் பதிவை வீட்டிலிருந்து செய்து தருகிறேன் என்று கேளுங்கள். கையெழுத்தும் பொறுப்பும் அவருடையவை, பதிவும் சரிபார்ப்பும் உங்களுடையவை. கடைக்கு மாதம் 600 என்று பேசினால் 4,800. ஜூலையில் வருமான வரித் தாக்கல் நேரத்தில் இன்னும் கொஞ்சம் கிடைக்கலாம். அந்த லேப்டாப் ஒன்றுதான் உருப்படியான செலவு, அதை விற்காதீர்கள்.

குழந்தை தூங்கும்போது செய்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். இரண்டு வயதுப் பையன் நீங்கள் கணக்குப் போட்ட நேரத்துக்குத் தூங்க மாட்டான், வரியில் ஒரு பூஜ்யம் தவறினால் கடைக்காரருக்கு அபராதம். நம்பிக்கையான பக்கத்து வீட்டு அம்மாவிடம் தினம் இரண்டரை மணி நேரம் விட்டு, மாதம் 1,500 கொடுங்கள். கையில் நிற்பது 3,300. அதோடு வட்டியில் மிச்சமாகும் 1,400. மாதம் 4,700 ரூபாயை அசலுக்குக் கட்டினால், வங்கி வட்டி 1,000 ரூபாயை வீட்டுச் செலவிலிருந்து சமாளித்துக்கொண்டு, ஏறக்குறைய இரண்டு வருடத்தில் நகை வீடு திரும்பும். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் என்பதால் சில வாரங்கள் முன்னதாகவே முடியலாம்.

இன்னும் வேலையை விடாத தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் வந்து, இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இருக்கும் விதி, வேலையின் தன்மை இடம் கொடுத்தால் விடுப்புக்குப் பிறகும் வீட்டிலிருந்து வேலை செய்ய நிர்வாகம் அனுமதிக்கலாம் என்கிறது, நிபந்தனைகளை இருவரும் பேசி முடிவு செய்ய வேண்டும். உரிமை என்று அடித்துக் கேட்க முடியாது. ஆனால் ராஜினாமா எழுதுவதற்கு முன் எழுத்தில் கேளுங்கள். உங்களைத் தெரிந்த முதலாளி தரும் அரைச் சம்பளம், தெரியாதவர் விளம்பரம் செய்யும் 30,000 ரூபாயைவிடப் பெரியது.

சகோதரி, மூன்று அடகுச் சீட்டுகளையும் இன்று எடுத்துப் பாருங்கள். வைத்த தேதி, தொகை, மீட்கும் கெடு மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். எதன் கெடு மிக அருகில் இருக்கிறதோ, அது பெரிய தொகையாக இருந்தாலும் நான் மேலே சொன்ன வரிசையை மாற்றி அதைத்தான் முதலில் மீட்க வேண்டும். தாளை எனக்கு அனுப்பினால், எந்தச் சீட்டுக்கு எவ்வளவு தேவைப்படும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.