டொமைன் யார் பெயரில் இருக்கிறது? கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் இணையதளத்தைப் புதிய ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு மாற்றினோம். அவர்கள் சொன்னபடி நேம்சர்வரை மாற்றியதும் தளம் ஒழுங்காகத் திறக்கிறது. ஆனால் மின்னஞ்சல் அடியோடு நின்றுவிட்டது. மின்னஞ்சல் சேவை வேறொரு நிறுவனத்துடையது. இரண்டு நிறுவனங்களும் ஒன்றையொன்று கைகாட்டுகின்றன.

பதில்: தவறு உங்களுடையது அன்று. நேம்சர்வர் என்பது உங்கள் டொமைனின், அதாவது இணையப் பெயரின், டிஎன்எஸ் பதிவுகளை வைத்திருக்கும் சர்வர். தளமும் மின்னஞ்சலும் எங்கே இருக்கின்றன என்று சொல்பவை அந்தப் பதிவுகள்தான். நேம்சர்வரை மாற்றினால் அவை அனைத்தும் புதிய நிறுவனத்தின் பொறுப்புக்குப் போய்விடுகின்றன. பழைய இடத்தில் இருந்த எம்எக்ஸ் (மடல் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்பது), டெக்ஸ்ட் (சரிபார்ப்புக் குறிப்புகள்) ரெக்கார்டுகள் தாமாகப் பின்தொடர்ந்து வருவதில்லை. தளத்தை மட்டும் மாற்றுவதற்கு, பழைய நிறுவனத்தின் பேனலிலேயே (கட்டுப்பாட்டுப் பக்கத்திலேயே), தளம் இருக்கும் இடத்தைச் சொல்லும் ஏ ரெக்கார்டில் உள்ள ஐபி முகவரியைத் திருத்தியிருந்தால் போதும். "உங்கள் மின்னஞ்சல் எங்கே இருக்கிறது?" என்று புதிய நிறுவனம் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்; கேட்காதது அவர்களுடைய பொறுப்பின்மை. இப்போது செய்ய வேண்டியது இதுதான்: மின்னஞ்சல் நிறுவனத்திடம் எம்எக்ஸ், எஸ்பிஎஃப் (உங்கள் பெயரில் மடல் அனுப்பக்கூடிய சர்வர்களின் பட்டியல்), டிகிம் (மடலின் மின்னணுக் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவி) ரெக்கார்டுகளை எழுத்தில் வாங்கி, புதிய பேனலில் ஓர் எழுத்தும் பிசகாமல் ஏற்றுங்கள். எம்எக்ஸ் இல்லாத டொமைனுக்கு மடல் அனுப்பும் சர்வர், அதைத் தளம் இருக்கும் ஐபி முகவரிக்கே கொண்டுபோய்க் கொடுக்க முயலும். அங்கே உங்கள் அஞ்சல் பெட்டி இல்லாததால் மடல் உடனே அனுப்பியவருக்குத் திரும்பியிருக்கக்கூடும். ஆகவே முக்கியமானவர்களைத் தொடர்புகொண்டு, மறுபடி அனுப்பும்படி கேளுங்கள்.

கேள்வி: எந்த மாற்றம் செய்தாலும் 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. டாட் காம் டொமைன்களின் நேம்சர்வர் விவரத்தை மேல்நிலைப் பதிவகம் 172800 வினாடி, அதாவது 48 மணி நேரம் நினைவில் வைத்துக்கொள்ள மற்ற சர்வர்களை அனுமதிக்கிறது. ஏ ரெக்கார்டு போன்றவற்றுக்கு நீங்கள் வைத்திருக்கும் டிடிஎல் எண்தான் (பதிவை எத்தனை வினாடி நினைவில் வைக்கலாம் என்பதுதான்) கணக்கு. அது 86400 ஆக இருந்தால், மாற்றத்துக்கு ஒரு நாளேனும் முன்பே 300 ஆகக் குறைத்துவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் பெரும்பாலோருக்குப் புதிய தளம் தெரியும்.

கேள்வி: பெயர் கேள்விப்படாத ஒரு நிறுவனம், எங்கள் டொமைன் காலாவதியாகப் போவதாகப் புதுப்பிப்புக் கட்டணம் கேட்டிருக்கிறது. கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள்.

கேள்வி: தளத்தை வடிவமைத்தவர்தான் டொமைனையும் வாங்கித் தந்தார். இப்போது அவர் தொலைபேசியை எடுப்பதில்லை. டொமைன் அவர் பெயரில் இருப்பதாகத் தெரிகிறது. பணம் முழுவதும் நாங்கள்தான் கொடுத்தோம்.

பதில்: எனக்கு வரும் கடிதங்களில் என்னை மிகவும் வருத்துவது இந்த வகைதான். பணம் கொடுத்தவர் ஒருவர், உரிமையாளராகப் பதிவானவர் வேறொருவர். ரிஜிஸ்ட்ராரின் (டொமைனைப் பதிவு செய்து தரும் நிறுவனத்தின்) கண்ணுக்குப் பதிவில் உள்ள பெயர்தான் உரிமையாளர். ரசீது உங்களிடம் இருந்தாலும் அவர்கள் உங்களுக்குக் கணக்கைத் திறந்துவிட மாட்டார்கள். உங்கள் பெயரிலேயே பதிவாகியிருந்தால், டாட் காம் போன்ற டொமைன்களுக்கு ஐகான் (டொமைன் பெயர்களை மேற்பார்க்கும் உலக அமைப்பு) விதிப்படி, நீங்கள் கேட்ட ஐந்து நாளுக்குள் டொமைனை வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோகத் தேவையான இடமாற்றக் குறியீட்டை ரிஜிஸ்ட்ரார் தந்தாக வேண்டும். அந்த உரிமையைத்தான் வடிவமைப்பாளர் உங்களிடமிருந்து பறித்திருக்கிறார். அது சோம்பலால் நடந்ததா, பிடியை விடக்கூடாது என்ற எண்ணத்தாலா என்பது உங்கள் இழப்பை மாற்றப்போவதில்லை. பணம் செலுத்திய சான்றுகள், மடல் உரையாடல்கள், தளம் உங்கள் தொழிலுக்கானது என்பதற்கான ஆதாரங்கள் ஆகியவற்றைத் திரட்டி, அவருக்கு எழுத்தில் கெடு வைத்துக் கேளுங்கள். அதே ஆதாரங்களை ரிஜிஸ்ட்ராரின் புகார்ப் பிரிவுக்கும் அனுப்புங்கள். டொமைனின் காலாவதி நாளை ஆர்டிஏபி (டொமைன் பதிவு விவரங்களைக் காட்டும் சேவை) தேடலில் இன்றே பாருங்கள். பதில் வராவிட்டால் வழக்கறிஞரிடம் போக வேண்டியதுதான். இதைப் படிக்கும் மற்றவர்களும் தங்கள் டொமைன் யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று இன்றைக்கே ரிஜிஸ்ட்ரார் கணக்கில் நுழைந்து பார்க்க வேண்டும். கணக்கின் கடவுச்சொல்லே தம்மிடம் இல்லை என்பது அப்போதுதான் பலருக்குத் தெரியவரும்.

கேள்வி: டொமைன் காலாவதியாகிவிட்டது. நினைவூட்டல் மடல்கள் வந்திருந்தன. வேலை மிகுதியால் திறக்கவில்லை. ரிஜிஸ்ட்ரார் மீது புகார் கொடுக்க முடியுமா?

பதில்: எதைச் சொல்லிப் புகார் கொடுப்பீர்கள்? காலாவதிக்கு முன் இரண்டு முறையாவது நினைவூட்ட வேண்டும் என்பது விதி; அவர்கள் அதைச் செய்திருக்கிறார்கள். இன்றே புதுப்பித்துக்கொள்ளுங்கள். டொமைன் ஏற்கெனவே நீக்கப்பட்டிருந்தால் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. ஆனால் அதற்கான கட்டணம் வழக்கமான கட்டணத்தைவிட மிக அதிகமாக இருக்கும். ரிஜிஸ்ட்ராரிடம் கொடுக்கும் தொடர்பு மின்னஞ்சல் அதே டொமைனுடையதாக இருக்கக்கூடாது. டொமைன் நின்றால் எச்சரிக்கையும் உங்களை வந்தடையாது.

கேள்வி: தளம், மின்னஞ்சல், டொமைன் மூன்றும் ஒரே கட்டணத்தில் தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: நானும் அப்படியொரு தொகுப்பை வாங்கியிருக்கிறேன். அதன் பேனலில் ஏ, எம்எக்ஸ் இரண்டையும் திருத்த முடிந்தது. டெக்ஸ்ட் ரெக்கார்டு சேர்க்கும் வசதியே இல்லை. டிகிம் சாவி ஒன்றை ஏற்றுவதற்கு உதவிப் பிரிவுக்கு எழுதிக் காத்திருந்தேன்; நீண்ட அந்தச் சாவியைப் பாதியில் வெட்டி ஏற்றினார்கள். மடல்கள் ஸ்பாம் பெட்டிக்குப் போய்க்கொண்டே இருந்தன. பணம் கட்டுவதற்கு முன், டெக்ஸ்ட், சிநேம் (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குச் சுட்டுவது) ரெக்கார்டுகளை நானே சேர்க்க முடியுமா, டொமைனைத் தடையின்றி வெளியே எடுத்துச்செல்ல முடியுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: அலுவலக மின்னஞ்சலுக்கு ஓர் எஸ்பிஎஃப், செய்திமடல் சேவைக்கு இன்னோர் எஸ்பிஎஃப் சேர்த்தேன். அதன்பிறகு மடல்கள் ஸ்பாமுக்குப் போகின்றன.

பதில்: ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப்தான் இருக்கலாம், இரண்டு இருந்தால் பெறும் சர்வர் பிழை என்று முடிவுகட்டி இரண்டையும் ஒதுக்கிவிடும். இரு சேவைகளின் இன்க்ளூட் பகுதிகளையும் (அந்தச் சேவையின் சர்வர்களை அனுமதிக்கும் பகுதிகளையும்) ஒரே வரியில் சேர்த்துவிட்டு, மற்றொன்றை நீக்குங்கள். அந்த வரியைச் சரிபார்க்கத் தேவைப்படும் டிஎன்எஸ் தேடல்கள் மொத்தம் பத்தைத் தாண்டக்கூடாது. நாளொன்றுக்கு 5000 மடல்களுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புவோர் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் (அந்தச் சோதனைகளில் தேறாத மடலை என்ன செய்வது என்ற அறிவிப்பு) மூன்றும் வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் 2024 பிப்ரவரி முதல் வற்புறுத்துகிறது. குறைவாக அனுப்பினாலும் மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். டிமார்க்கை முதலில் கண்காணிப்பு நிலையில் வைத்து, வரும் அறிக்கைகளைப் பார்த்த பிறகு கடுமையாக்குங்கள்.