வீட்டில் வேத வாசிப்பு: சண்டே ஸ்கூல் அக்காவின் பதில்கள்

22 வருடமாக சண்டே ஸ்கூலில் பாடம் எடுக்கிறேன். இரண்டு பிள்ளைகளை வளர்த்திருக்கிறேன். அவர்களிடம் செய்த தப்புகளும் சேர்ந்துதான் இந்தப் பதில்கள். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி இருந்ததால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, ஜனவரியில் ஆதியாகமத்தில் உற்சாகமாக ஆரம்பித்தோம். ஒவ்வொரு வருடமும் லேவியராகமத்தில் நின்றுவிடுகிறது. பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள்.

பிள்ளைகள் மட்டுமா? வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். ஒரு வருடத்தில் முடிக்க வேண்டுமானால் தினமும் மூன்றுக்கும் மேல் வாசிக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் டண்டி ஊரில் ஊழியம் செய்த மெக்செயின் 1842-ல் போட்ட அட்டவணையில் தினமும் நான்கு அதிகாரம்: இரண்டு குடும்பமாக, இரண்டு தனியாக. இன்றைக்கும் பலர் அதைப் பின்பற்றுகிறார்கள். ஆனால் அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை குட்டி கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வருடத்தில் முடிக்கும் திட்டம் உங்களுக்கு இருக்கட்டும். பிள்ளைகளோடு வாசிக்கும்போது கதையின் ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டு போங்கள். யாத்திராகமம் 20 வரை வாசியுங்கள். ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகளைத் தாண்டி 32-க்குப் போனால் பொன் கன்றுக்குட்டி வந்துவிடும். அப்புறம் எண்ணாகமம் 13-ல் வேவுகாரர்கள் தடியில் கட்டிச் சுமந்து வரும் திராட்சைக் குலை, 22-ல் பிலேயாமிடம் பேசும் கழுதை. அங்கிருந்து யோசுவா. லேவியராகமம் எங்கும் ஓடிவிடாது, பதினைந்து வயதில் வாசித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, பிள்ளைகள் "இன்னும் கொஞ்சம்" என்று கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். யோசேப்பைக் குழியில் போட்டாயிற்றா? மூடிவிடுங்கள். மறுநாள் நீங்கள் கூப்பிட வேண்டியிருக்காது.

கேள்வி: என் பிள்ளைகள் இங்கிலீஷ் மீடியம். நம் வேதாகமத் தமிழ் அவர்களுக்குப் புரியவே இல்லை. ஆங்கிலத்திலேயே வாசிக்கலாமா?

வாசிக்கலாம், பாவமில்லை. ஆனால் தமிழை ஒரேயடியாக விட்டுவிடாதீர்கள். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்று நம் பழைய மொழிபெயர்ப்பு சொல்வதை, 1995-ல் வந்த திருவிவிலியம் "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை" என்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால் 'தாழ்ச்சி' என்றால் என்ன என்று நீங்கள் விளக்கவே வேண்டாம். எங்கள் வீட்டில் கதைப்பகுதிகளுக்குப் புதியது, சங்கீதங்களுக்குப் பழையது. சங்கீதம் காதில் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். அர்த்தம் பின்னால் வரும். ஆச்சி வீட்டுக்குப் போகும்போது அவர்களோடு சேர்ந்து சொல்லவும் முடியும்.

கேள்வி: ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போன பகுதியை வாசித்தோம். ஏழு வயது மகன், "அப்பா, கடவுள் உங்களிடம் கேட்டால் என்னையும் வெட்டுவீங்களா?" என்றான். எனக்கு வாயடைத்துவிட்டது.

முதலில் "மாட்டேன், கடவுளும் கேட்கமாட்டார்" என்று சொல்லிக் கட்டிப்பிடித்துக்கொள்ளுங்கள். இறையியலை அப்புறம் பார்க்கலாம். பிள்ளைகளைத் தீயில் பலியிடுவதைத் தாம் கட்டளையிடவில்லை என்று எரேமியா 7:31-ல் கர்த்தரே சொல்கிறார். தைரியமாகச் சொல்லலாம்.

அந்தக் கதையிலும் பையன்தான் கேள்வி கேட்கிறான்: "தகனபலிக்கு ஆட்டுக்குட்டி எங்கே?" ஆபிரகாம் அதட்டவில்லை. "என் மகனே" என்றுதான் பதிலைத் தொடங்குகிறார். அதை உங்கள் மகனிடம் காட்டுங்கள். பாதியில் நிறுத்தச் சொன்னேன் அல்லவா, ஆதியாகமம் 22-க்கு மட்டும் அது ஆகாது. கத்தியை ஓங்கிய இடத்தில் விளக்கை அணைத்தால் எந்தப் பிள்ளை தூங்கும்? ஆட்டுக்கடா வரும்வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். நியாயாதிபதிகள் 19 போன்ற பகுதிகளைச் சிறு பிள்ளைகளுக்கு வாசிக்கவே வேண்டாம்.

கேள்வி: என் கணவர் ஜெபத்துக்கு உட்காரமாட்டார். நான் மட்டும் நடத்தினால் போதுமா சிஸ்டர்?

போதும். தீமோத்தேயுவின் அப்பா கிரேக்கர். விசுவாசம் பாட்டி லோவிசாளிடமும் அம்மா ஐனிக்கேயாளிடமும் இருந்தது என்றுதான் பவுல் எழுதுகிறார். கணவரைக் குத்திக்காட்டி மட்டும் ஜெபிக்காதீர்கள். பக்கத்து அறையில் டிவி பார்க்கிறவருக்கும் காது கேட்கும்.

கேள்வி: போனில் வாசிக்கலாமா?

அவசரத்துக்குச் சரி. வாசிக்கும்போது வாட்ஸ்ஆப் சத்தம் வந்தால் எல்லாக் கண்ணும் அங்கேதான் போகும். புத்தகம் வாங்குங்கள்.

கேள்வி: மனப்பாட வசனத்துக்குப் பரிசு கொடுக்கலாமா? பெரியவன் தினமும் "இயேசு கண்ணீர் விட்டார்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறான்.

எங்கள் வகுப்பில் அந்த வசனத்தைச் சொல்லாத பையன் இல்லை! அடுத்த முறை அவர் ஏன் கண்ணீர் விட்டார் என்று கேளுங்கள். யோவான் 11 முழுவதையும் வாசிக்க வேண்டிவரும். பரிசாக ஒரு மிட்டாய் போதும். சைக்கிள் வேண்டாம்.

கேள்வி: வாசித்து முடித்ததும் பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்வேன். இப்போது வேதாகமத்தை எடுத்தாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள்.

இதே தப்பைத்தான் நானும் செய்தேன். மகன் கணக்கில் மார்க் குறைந்த அன்று, தேடிப் பிடித்து நீதிமொழிகளில் சோம்பேறியும் எறும்பும் வாசித்தேன். அவன் அடுத்த இரண்டு வருடம் நீதிமொழிகள் என்றாலே எழுந்து போய்விடுவான். திட்ட வேண்டுமானால் சாப்பாட்டு மேசையில் திட்டுங்கள். வாசித்து முடித்தபின் வாயை மூடிக்கொள்ளுங்கள். வேண்டுமானால், "இதில் உனக்கு யாரைப் பிடித்தது?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பார்வோனைப் பிடித்தது என்றாலும் பதறாதீர்கள்.

கேள்வி: சரி அக்கா, நாளைக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது?

யோனா. நான்கு அதிகாரம், மொத்தம் 48 வசனம், நான்கு இரவு. முதல் நாள் மீன் விழுங்கியதோடு நிறுத்திவிடுங்கள். கெஞ்சினாலும் இரண்டாம் அதிகாரத்தைத் திறக்காதீர்கள்.