வாசகர் கேள்வி-பதில்: 20 டெராபைட்டை மீட்க எத்தனை மணி நேரம்?

நிறுவனங்களின் தரவுச் சேமிப்பகம் குறித்து வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில் ஐந்துக்கு இந்த இதழில் விடையளிக்கிறோம்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தின் பழைய சேமிப்பகத்தை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. விற்பனையாளர்கள் எல்லோரும் ஒரே குரலில், 'வன்தட்டின் காலம் முடிந்தது, இனி எல்லாமே ஃபிளாஷ்தான்' என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: பாதியை நம்பலாம். வன்தட்டு தரவைச் சுழலும் காந்தத் தட்டில் வைக்கிறது, ஃபிளாஷ் மின்னணுச் சில்லில் வைக்கிறது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வன்தட்டில் ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 8.3 மில்லிநொடி ஆகிறது. தேடும் தரவு படிக்கும் முனைக்கு அடியில் வந்து சேர, சராசரியாக அதில் பாதி நேரமாவது காத்திருக்க வேண்டும். முனையைத் தாங்கிய கை நகர்வதற்கான நேரம் தனி. ஆகவே, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இடங்களிலிருந்து படிக்கச் சொன்னால், ஒரு வன்தட்டு நொடிக்கு நூறு முதல் இருநூறு முறைதான் விடை தரும். 1956-இல் ஐபிஎம் நிறுவனம் ஐம்பது தட்டுகளுடன் கொண்டுவந்த முதல் வன்தட்டு ஐம்பது லட்சம் எழுத்துகளை மட்டுமே வைத்திருந்தது. கொள்ளளவு அதன்பின் லட்சக்கணக்கான மடங்கு பெருகியபோதும், சுழலும் தட்டும் நகரும் கையும் அப்படியே இருக்கின்றன. ஃபிளாஷில் அசையும் பகுதியே கிடையாது. போதாக்குறைக்கு, வன்தட்டுகளை மனத்தில் வைத்து வகுக்கப்பட்ட பழைய ஏஹெச்சிஐ இடைமுகம் (கணினியும் சேமிப்பகமும் பேசிக்கொள்ளும் முறை) 32 கட்டளைகள் கொண்ட ஒரே வரிசையைத்தான் அனுமதித்தது. ஃபிளாஷை மனத்தில் வைத்து 2011-இல் வெளியான என்விஎம்இ தரநிலையோ ஏறத்தாழ 64 ஆயிரம் வரிசைகளையும், ஒவ்வொன்றிலும் அதே அளவு கட்டளைகளையும் அனுமதிக்கிறது. நொடிதோறும் பரிவர்த்தனை நடக்கும் தரவுத்தளத்தை இன்று வன்தட்டில் வைப்பதற்கு நியாயம் எதுவும் இல்லை.

மற்றப் பாதிக்கு வருவோம். ஃபிளாஷின் விலை குறைந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், தரவைத் தாங்கும் மிகச் சிறிய அலகான ஒரே செல்லுக்குள் மேலும் மேலும் பிட்டுகளை அடைத்ததுதான். ஒரு பிட் என்றால் இரண்டு மின்னழுத்த நிலைகளைப் பிரித்தறிந்தால் போதும். நான்கு பிட் என்றால் பதினாறு நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். இடைவெளி குறுகக் குறுக, எழுதும் வேகமும் எத்தனை முறை எழுதலாம் என்ற ஆயுளும் குறைகின்றன. எனவே விற்பனையாளரிடம் 'ஃபிளாஷா?' என்று கேட்பதோடு நிறுத்தாமல், செல்லுக்கு எத்தனை பிட், உத்தரவாதக் காலம் முழுவதும் நாளொன்றுக்கு எத்தனை முறை முழுக் கொள்ளளவையும் எழுதலாம் என்று கேளுங்கள். வன்தட்டுகளும் சும்மா இருக்கவில்லை. எழுதும் இடத்தை லேசரால் ஒரு கணம் சூடாக்கும் நுட்பத்தின் துணையோடு 30 டெராபைட்டைத் தாண்டிவிட்டன, டெராபைட் ஒன்றுக்கான விலையிலும் இன்னும் மலிவாகவே இருக்கின்றன. வாங்குவதற்கு முன், உங்கள் தரவில் கடந்த மூன்று மாதங்களில் ஒருமுறையாவது திறக்கப்பட்டது எவ்வளவு என்று அளந்து பாருங்கள். அந்த எண் உங்களை வியப்பில் ஆழ்த்தினால் எனக்கு வியப்பில்லை.

கேள்வி: எங்களிடம் பல தட்டுகளை ஒன்றாக இணைத்து இயக்கும் ரெய்டு 5 அமைப்பு இருக்கிறது. ஒரு தட்டு பழுதானாலும் தரவு போகாது என்பதால் காப்புப்பிரதிக்குத் தனியாகச் செலவிட வேண்டியதில்லை என்கிறார் எங்கள் மேலாளர். அவர் சொல்வது சரியா?

பதில்: சரியன்று. 1988-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் ரெய்டு முறையை விளக்கி எழுதியபோது, மலிவான சிறு தட்டுகள் பலவற்றைச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்வதே அவர்கள் நோக்கமாக இருந்தது. வேலை நிற்காமலிருப்பது வேறு, தரவு பிழைத்திருப்பது வேறு. ஊழியர் ஒருவர் தவறான கோப்புறையை அழித்தால், ரெய்டு அந்த அழிப்பையும் எல்லாத் தட்டுகளிலும் விசுவாசமாக நிறைவேற்றிவிடும்.

தட்டுப் பழுது என்ற அளவிலும்கூட, அந்தக் கணக்கு சிறிய தட்டுகளுக்குப் போடப்பட்டது. 20 டெராபைட் வன்தட்டு ஒன்று பழுதாகி, அதற்கு மாற்றாகப் புதியதைச் செருகுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 250 மெகாபைட் என்ற வேகத்தில் இடைவிடாமல் எழுதினாலும் அதை நிரப்ப 80,000 நொடிகள், அதாவது 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அலுவலக வேலையும் கூடவே நடந்தால் இது பல நாட்களாக நீளும். அதுவரை மீதித் தட்டுகள் அனைத்தும் ஓய்வின்றிப் படிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். அவை பெரும்பாலும் ஒரே நாளில் வாங்கப்பட்ட, ஒரே வகைத் தட்டுகள். இதில் என்ன ஆபத்து என்பவருக்கு ஒரு சம்பவம். 2019-இல் ஹெச்பிஇ என்ற சர்வர் நிறுவனம், தான் விற்ற சில எஸ்எஸ்டி (ஃபிளாஷ் சேமிப்புக் கருவி) வகைகளில் உள்மென்பொருள் பிழை ஒன்று இருப்பதாக அறிவித்தது. அவை சரியாக 32,768 மணி நேரம், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரம் இயங்கியதும் செயலிழந்துவிடும், அவற்றிலுள்ள தரவையும் மீட்க முடியாது என்பதே அந்த அறிவிப்பு. நிரலர்களுக்கு அந்த எண்ணைப் பார்த்ததுமே காரணம் புரிந்திருக்கும். இரண்டின் பதினைந்தாம் அடுக்கு அது; குறியுடைய 16 பிட் எண்ணி அதற்கு முந்தைய எண்ணோடு நிரம்பிவிடும். ஒரே நாளில் மின்சாரம் கொடுக்கப்பட்ட எட்டு எஸ்எஸ்டிகள் அந்த வரம்பையும் ஒன்றாகவே எட்டும்; எந்த ரெய்டும் அதற்கு ஈடுகொடுக்காது.

பெரிய அமைப்புகள் இப்போது அழிப்புக் குறியீட்டு முறைக்கு மாறிவருகின்றன. இதன் வேர் 1960-இல் ரீடு, சாலமன் என்ற இருவர் வகுத்த கணிதத்தில் இருக்கிறது. தரவைப் பத்துத் துண்டுகளாக்கி, அவற்றிலிருந்து கணக்கிட்ட நான்கு கூடுதல் துண்டுகளையும் வெவ்வேறு சர்வர்களில் வைத்தால், எந்த நான்கு போனாலும் தரவு மீளும். மூன்று முழு நகல்களுக்கு மும்மடங்கு இடம் வேண்டும், இதற்கு 1.4 மடங்கு போதும். பதிலுக்கு, மீட்கும்போது வலையமைப்பும் செயலியும் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். எவ்வாறாயினும், இதுவும் காப்புப்பிரதி ஆகாது.

காப்புப்பிரதி எடுப்பதாக நினைத்துக்கொண்டிருப்பதும் போதாது. 2017 ஜனவரி 31 அன்று, நிரலர்கள் தங்கள் நிரல்களைச் சேமிக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், இரவு வேலையின்போது தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்புறையை அழித்துவிட்டார். ஏறத்தாழ 300 ஜிகாபைட் போயிற்று. நகலெடுப்பதற்கு ஐந்து வழிமுறைகள் இருந்தும் அவற்றில் எதுவும் கைகொடுக்கவில்லை என்று அந்த நிறுவனமே வெளிப்படையாக எழுதியது. வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுக்கப்பட்டிருந்த நகல்தான் காப்பாற்றியது. உங்கள் மேலாளரிடம் காப்புப்பிரதி உண்டா என்று கேட்பதைவிட, கடைசியாக எப்போது ஒன்றை மீட்டுப் பார்த்தோம் என்று கேளுங்கள்.

கேள்வி: காந்த நாடாவை இன்னும் யாராவது பயன்படுத்துகிறார்களா?

பதில்: பயன்படுத்துகிறார்கள். 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழை, ஜிமெயிலின் பல தரவு நகல்களையும் ஒருசேரப் பாதித்து, சுமார் 0.02 விழுக்காடு பயனர்களின் அஞ்சல்களை மறையச் செய்தபோது, கூகுள் அவற்றை நாடாவிலிருந்துதான் மீட்டது. எல்டிஓ என்ற நாடாத் தரநிலையின் ஒன்பதாம் தலைமுறையான எல்டிஓ-9 நாடா ஒன்றில் சுருக்கம் இன்றியே 18 டெராபைட் வைக்கலாம். அலமாரியில் இருக்கும் நாடாவுக்கு மின்சாரமும் வேண்டாம். வலையமைப்பு வழியாக அதை யாரும் தொடவும் முடியாது. தலைமுறைப் பொருத்தத்தில் மட்டும் கவனம் வேண்டும். எல்டிஓ-8 கருவி எல்டிஓ-7 நாடாவைப் படிக்கும், எல்டிஓ-6 நாடாவைப் படிக்காது. கருவியை மாற்றும்போதே பழைய நாடாக்களில் உள்ளதைப் புதியவற்றுக்கு மாற்றத் திட்டமிடாவிட்டால், தரவு நலமாக இருந்தும் படிக்க ஆளிருக்காது.

கேள்வி: எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லைகள் தீராதா?

பதில்: தட்டு மாற்றும் தொல்லை தீரும். ஆனால் 100 டெராபைட்டை நொடிக்கு 1 ஜிகாபிட் இணைப்பில் அனுப்ப, முழு வேகம் கிடைத்தாலும் ஒன்பது நாட்களுக்கு மேல் ஆகும். நெருக்கடியில் திரும்பப் பெறும்போதும் அதே ஒன்பது நாட்கள்தான். வெளியே எடுக்கும் தரவுக்குத் தனிக் கட்டணமும் உண்டு. 2024-இன் தொடக்கத்தில் பெரிய நிறுவனங்களான அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் மூன்றும் முற்றாக வெளியேறும் வாடிக்கையாளருக்கு அதைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தன. அன்றாடம் எடுப்பவருக்கு அது பொருந்தாது. 99.999999999 என்று பதினொரு ஒன்பதுகள் கொண்ட விழுக்காட்டு உறுதியை விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள். அது வன்பொருள் பழுதால் தரவு தொலையாதிருக்க வடிவமைக்கப்பட்ட அளவு. நீங்களே அழித்ததற்கும், கடவுச்சொல்லைத் திருடியவர் அழித்ததற்கும் அதில் பொறுப்பில்லை. 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்டிராஸ்பர்க் நகரிலிருந்த ஓவிஹெச் என்ற கிளவுட் நிறுவனத்தின் தரவு மையம் தீப்பற்றியபோது, காப்புப்பிரதியையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தனர். இரண்டாம் நகல் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

கேள்வி: எங்கள் தரவு பல நூறு டெராபைட். இவ்வளவு பெரியதற்குக் காப்புப்பிரதி எடுப்பது நடைமுறையில் இயலாது என்று எங்கள் தொழில்நுட்பக் குழு கைவிரித்துவிட்டது. என்ன செய்வது?

பதில்: இதே காரணம்தான் தென் கொரியாவிலும் சொல்லப்பட்டது. 2025 செப்டம்பரில் டேஜான் நகரின் அரசுத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரியிலிருந்து பரவிய தீயில், அரசு ஊழியர்கள் ஆவணங்களை வைத்திருந்த ஜி-டிரைவ் சேமிப்பகம் அழிந்தது. அதில் 858 டெராபைட் இருந்தது. கொள்ளளவு மிகப் பெரிது என்பதால் வெளியிடத்தில் காப்புப்பிரதி வைக்கப்படவில்லை என்பதே விளக்கம். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 858 டெராபைட்டுக்கு எல்டிஓ-9 நாடாக்கள் 48 போதும். நொடிக்கு 400 மெகாபைட் எழுதும் கருவி ஒன்று இருந்தால் முதல் நகலுக்கு ஏறத்தாழ 25 நாட்கள். நான்கு கருவிகள் இருந்தால் ஒரு வாரத்துக்குள் முடியும். அதன்பின் நாள்தோறும் மாறியதை மட்டும் எழுதிவந்தால் போதும். உங்கள் குழுவிடம் இதே வகுத்தலை உங்கள் எண்களை வைத்துச் செய்யச் சொல்லுங்கள்.