கம்பவுண்டர் பதில்கள்: டி.டி.ஏ. அலமாரியின் சாவி

கேள்வி: கம்பவுண்டர் ஐயா, ஒஹையோவில் இருக்கும் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கிவிட்டு வந்தேன். அங்கே நூலகச் சுவரில், தீயணைப்புக் கருவிக்குப் பக்கத்தில், மூக்கில் அடிக்கும் மருந்துப் பெட்டி ஒன்று மாட்டியிருந்தது. போதை அதிகமாகி யாராவது விழுந்தால் கொடுப்பதற்காம். டாக்டர்கள் எழுதிக் கொடுத்த மாத்திரையில்தான் எல்லாம் தொடங்கியது என்கிறாள் மகள். நம்பலாமா? (திருச்சி வாசகி)

பதில்: நம்பலாம் அம்மா. எனக்கும் முதலில் விளங்கவில்லைதான். அரசு மருத்துவமனை ஸ்டோரில் இருந்தவரை டி.டி.ஏ. அலமாரி, அதாவது மார்பின் போன்ற அபின் வகை வலிமருந்துகளைப் பூட்டிவைக்கும் அலமாரியின் சாவி, என் இடுப்பிலேயே கிடந்தது. ஒருமுறை ஒரு மார்பின் ஆம்பூல் கைதவறி உடைந்துவிட்டது. கண்ணாடிச் சில்லுகளைக் காகிதத்தில் மடித்து வைத்து, இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கி, மூன்று பக்கம் விளக்கம் எழுதினேன். அப்படிப் பழகியவனிடம், மார்பினைவிட வீரியமான மாத்திரையை முதுகுவலிக்கு மாதக்கணக்கில் எழுதினார்கள் என்றால் எப்படி நம்புவான்?

ஆனால் அதுதான் நடந்தது. அமெரிக்காவின் பர்டியூ ஃபார்மா கம்பெனி தயாரித்த ஆக்ஸிகான்டின் என்ற அபின் வகை வலி மாத்திரைக்கு 1995 டிசம்பரில் ஒப்புதல் கிடைத்தது. மறுவருஷம் விற்பனைக்கு வந்தது. மருந்து 12 மணி நேரம் மெல்ல மெல்ல இறங்கும், அதனால் தவறான பயன்பாட்டுக்கு வாய்ப்புக் குறைவு என்று ‘நம்பப்படுகிறது’ என லேபிளிலேயே அச்சாகியிருந்தது. நம்பப்படுகிறது! தலபுராணத்தில் வரவேண்டிய சொல் மருந்து லேபிளில் வந்தது. மாத்திரையைப் பொடித்தால் 12 மணி நேரச் சரக்கும் ஒரே மூச்சில் ஏறும் என்பதைத் தெருவில் இருந்தவர்கள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள்.

டாக்டர்கள் ஏன் துணிந்தார்கள்? 1980-ல் ஒரு பெரிய மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியத்தில் ஒரு கடிதம் வந்திருந்தது. இந்த வகை மருந்து பெற்ற 11,882 நோயாளிகளில் அடிமையானவர்கள் நான்கே பேர் என்றது. அவர்கள் எல்லோரும் வார்டில் படுத்து, நர்ஸ் கையால் மருந்து வாங்கியவர்கள். வீட்டுக்கு டப்பாவோடு போனவர்கள் அல்ல. அந்த வித்தியாசம் மறந்துபோக, பின்னால் வந்த கட்டுரைகளில் நூற்றுக்கணக்கானவை அந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டின. 2007-ல் பர்டியூவும் அதன் உயர் அதிகாரிகள் மூவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு 60 கோடி டாலருக்கு மேல் கட்டினார்கள். ஒருவரும் சிறைக்குப் போகவில்லை. விற்பனையும் நிற்கவில்லை.

சுவரில் நீங்கள் பார்த்தது நாலாக்சோன். மூளையில் அபின் வகை மருந்து உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து அதை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். நின்ற மூச்சு இரண்டு மூன்று நிமிடத்தில் திரும்பும். ஆனால் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்தில் அதன் வேகம் தணிந்துவிடும். உள்ளே இருக்கும் சரக்கு இன்னும் பாக்கியிருந்தால் மறுபடி மூச்சு நிற்கலாம். அதனால் ஆள் எழுந்து உட்கார்ந்தாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டே ஆகவேண்டும்.

கேள்வி: ஆரம்பத்திலேயே கடுமையாகத் தடுத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்குமா? (ஈரோடு வாசகர்)

பதில்: தடுத்துப் பார்த்தவர்கள்தான் சார் அமெரிக்கர்கள். 1898-ல் ஹெராயினை இருமல் மருந்தாக விற்றது பேயர் கம்பெனி. ஆமாம், ஆஸ்பிரின் விற்ற அதே பேயர். அபின் வகை மருந்துகளைக் கட்டுப்படுத்த அமெரிக்கா 1914-ல் ஹாரிசன் சட்டம் போட்டது. ஏற்கெனவே அடிமையானவருக்கு, அந்தப் பழக்கம் தொடர்வதற்காக மட்டும் டாக்டர் மார்பின் எழுதக் கூடாது என்று 1919-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர்களுக்காக நகரசபைகள் நடத்திய கிளினிக்குகளையும் சில வருஷத்திலேயே மூடவைத்தார்கள். நோயாளி என்ன செய்வார்? டாக்டர் கதவு சாத்தியிருந்தால் தெருமுனைக்குப் போவார்.

2010-லும் இதே கூத்து. பொடிக்க முடியாதபடி ஆக்ஸிகான்டினை மாற்றினார்கள். நல்ல விஷயம்தான். மாத்திரை எழுதிக் குவித்த கிளினிக்குகளையும் மூடினார்கள், அதுவும் சரிதான். ஆனால் அதற்குள் லட்சக்கணக்கானவர்கள் பழகிவிட்டிருந்தார்கள். சிகிச்சைக்குப் போதுமான இடம் இல்லை. ஒரு பகுதியினர் ஹெராயினுக்குப் போனார்கள். 2013 வாக்கில் அந்தச் சரக்கில் கள்ளத்தனமாகத் தயாரித்த ஃபென்டனில் கலந்தது. மார்பினைவிடப் பல மடங்கு வீரியமான மருந்து அது. என் அலமாரியில் ஃபென்டனிலும் இருந்தது. 2 மில்லி ஆம்பூலில் மொத்தமே 100 மைக்ரோகிராம். மயக்க மருந்து டாக்டர் அளந்து அளந்து ஏற்றுவார், பக்கத்திலேயே மூச்சுக்கருவி இருக்கும். அதைச் சந்துக்குள் எவனோ கண்மதிப்பில் கலந்தால் என்ன ஆகும்? போதை மருந்து மிகையாகி இறந்தவர்கள் 1999-ல் 17,000-க்குள் இருந்தார்கள். 2021-ல் 1,06,000 தாண்டியது. 2024-ல் 80,000 அளவுக்கு இறங்கியது, இப்போதைக்கு அதுதான் ஆறுதல்.

கேள்வி: போர்ச்சுகல் மாதிரி தண்டனையே வேண்டாம் என்று விட்டுவிடலாமே? (சென்னை வாசகி)

பதில்: போர்ச்சுகல் ‘விட்டுவிட’ இல்லை. 2001 ஜூலையிலிருந்து, பத்து நாள் உபயோகத்துக்குள் வைத்திருந்தால் சிறை இல்லை, ஆனால் ஒரு குழு முன்னால் போய் உட்காரவேண்டும். விற்றால் இன்றும் குற்றம்தான். கூடவே, ஹெராயினுக்குப் பதிலாகச் சிகிச்சையாகத் தரும் மெதடோன் மருந்தைக் கொடுக்கும் இடங்களையும் பெருக்கினார்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2020-ல் இதையே வாக்கெடுப்பில் கொண்டுவந்தது: 100 டாலர் அபராதச் சீட்டு, உதவி கேட்க ஒரு போன் நம்பர். போன் செய்தவர்கள் சொற்பம், சிகிச்சைக்கான பணமும் தாமதமாகத்தான் வந்தது. 2024 செப்டம்பரில் பழையபடி குற்றமாக்கிவிட்டார்கள். என்னைக் கேட்டால், முதலில் படுக்கை போடு, அப்புறம் கதவைத் திற என்பேன்.

கேள்வி: நம் நாட்டில் 1985 போதைப்பொருள் சட்டம் கடுமையாக இருப்பதால்தானே தப்பித்தோம்? (மதுரை வாசகர்)

பதில்: உங்களுக்கு என் சித்தி கதையைச் சொல்கிறேன். 1990-களில் அவருக்கு வாய்ப் புற்றுநோய். நாங்கள் இருந்த ஊரில் மார்பின் மாத்திரை வைத்திருக்க உரிமம் பெற்ற இடம் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு துறையிலும் ஓர் உரிமம் வாங்கவேண்டும், ஒன்று வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகும். மத்தியப் பிரதேசத்தில் நீமச்சிலும் மந்த்சௌரிலும் சட்டப்படி கசகசாச் செடி பயிரிட்டு, அபினை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யும் நாடு நம்முடையது. அலமாரிச் சாவியை இடுப்பில் வைத்திருந்த நான், சித்திக்கு வாங்கிக் கொடுக்க முடிந்தது பாராசிட்டமால். கேரளத்து டாக்டர் எம். ஆர். ராஜகோபால் போன்றவர்கள் வருஷக்கணக்கில் மன்றாடிய பிறகு 2014-ல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். சித்தி போய் நெடுநாள் ஆகியிருந்தது.

கேள்வி: மூட்டு ஆபரேஷனுக்குப் பின் எழுதிக் கொடுத்த டிராமடால் ஒரு பட்டை மீதி இருக்கிறது. வைத்துக்கொள்ளலாமா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: வேண்டாம். டிராமடாலும் 2018-ல் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டது. அமெரிக்காவில் எத்தனையோ பிள்ளைகள் முதல் மாத்திரையை எடுத்தது வீட்டுக் குளியலறை அலமாரியிலிருந்துதான். பட்டையிலிருந்து பிரித்து, காபி சக்கையோடு பிசறி, பையில் இறுகக் கட்டிக் குப்பையில் போடுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் முழங்கால் வலி என்று தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.