கடன் மனு கொடுப்பதற்கு முன்: ஒரு சனிக்கிழமைக் கேள்வி பதில்

வங்கியில் 31 வருடம் வேலை பார்த்தேன், அதில் பாதிக்கு மேல் கடன் பிரிவில். ஓய்வுக்குப் பிறகு சனிக்கிழமை காலைகளில் சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு மாடியில் உட்கார்ந்து, கடனுக்குப் போகிற சிறு தொழில்காரர்களுக்குக் காகிதம் சரிபார்த்துத் தருகிறேன். காசு வாங்குவதில்லை. கடன் வாங்கித் தருவதும் இல்லை. இந்த வாரம் வந்த கேள்விகள்:

பனங்காடு, கொலுசுப் பட்டறை: நானும் மூன்று ஆட்களும் கூலிக்குக் கொலுசு செய்கிறோம். மெஷின் வாங்க 3 லட்சம் கேட்டேன். ஏஜென்ட் போட்டுக் கொடுத்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும் மேனேஜர் திருப்பிவிட்டார். ஏன் சார்?

நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டைப் படித்தேன் தம்பி. ஆண்டு விற்பனை ஒரு கோடியே இருபது லட்சம் என்று இருக்கிறது. அது உங்கள் விற்பனையே இல்லை. வியாபாரி எடைபோட்டுக் கொடுத்த வெள்ளியை எடைபோட்டுத் திருப்பித் தருகிறீர்கள், நடுவில் நிற்பது கூலிதான். வெள்ளியின் மதிப்பையும் சேர்த்து எழுதிவிட்டார் அந்தப் புண்ணியவான். உங்கள் பாஸ்புக்கிலோ மாதம் பத்தாயிரம்கூடப் புரளவில்லை. எந்த மேனேஜர் நம்புவார்?

போனில் நீங்கள் சொன்ன கணக்கை அப்படியே எழுதுகிறேன். மாதக் கூலி வரவு 1,10,000. ஆள் கூலி 60,000. வாடகை, கரண்ட், கேஸ் 15,000. வீட்டுச் செலவு 20,000. மிச்சம் 15,000. மெஷின் விலை 3,40,000, அதில் கைக்காசு 40,000. மூன்று லட்சத்துக்கு 11 சதவீதம், ஐந்து வருடம் என்றால் தவணை சுமார் 6,500. மிச்சம் தவணையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது. மேனேஜர் தேடுவது இந்த ஒரு வரியைத்தான். ஒரு கோடி என்ற பொய்யைவிட இந்தப் பதினைந்தாயிரம் பலமானது.

இனி செய்ய வேண்டியது: கூலியை வங்கிக் கணக்கில் போடச் சொல்லி வியாபாரியிடம் கேளுங்கள். மறுத்தால் ரொக்கத்தை வாராவாரம் நீங்களே கட்டுங்கள், ஆறு மாதம் விடாமல். ஒரு நோட்டில் தேதி, வாங்கிய எடை, கொடுத்த எடை, சேதாரம், கூலி என்று எழுதி வாருங்கள். வெள்ளி விலை எகிறி ஆர்டர் நின்ற மாதங்களையும் மறைக்காமல் எழுதுங்கள், அந்த மாதம் தவணையை எதிலிருந்து கட்டுவீர்கள் என்பதையும் சேர்த்து. ஏற்கெனவே நடக்கிற பட்டறை என்பதால் புதுத் தொழிலுக்கான மானியத் திட்டங்கள் உங்களுக்குப் பொருந்தாது. வயது 35 தாண்டியிருந்தால் மாவட்டத் தொழில் மையத்தில் கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கேளுங்கள். 3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், உச்சம் 50,000. நகை செய்வதும் அந்தப் பட்டியலில் உண்டு.

கொண்டலாம்பட்டி: உத்யம் பதிவுக்கு 2,500 கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். சிறு, குறு தொழில் என்று அரசிடம் பதிந்துகொள்வதுதான் உத்யம். அது 2020 ஜூலையில் வந்த நாளிலிருந்து இலவசம். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் அரசுத் தளத்தில் நீங்களே செய்யலாம். அதே சாயலில் நாலைந்து தனியார் தளங்கள் இருக்கின்றன, கட்டணம் கேட்டாலே அது அரசுத் தளம் இல்லை.

ஏற்காடு, நாகலூர் பக்கம்: நாங்கள் பழங்குடி. நானும் என் தங்கையும் காபிக்கொட்டை வறுத்து அரைத்துப் பாக்கெட் போட நினைக்கிறோம். நான் ஆறாவதுதான். கடன் கிடைக்குமா ஐயா?

கிடைக்கும் அம்மா. படிப்பைப் பற்றி யாரோ உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 2023இல் வந்தது. பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் உரியது, படிப்பு நிபந்தனை இல்லை, 35 சதவீத மானியம், வட்டியிலும் 6 சதவீதம் அரசு ஏற்கும். மத்திய அரசின் பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்திலும் 10 லட்சம் வரையான உற்பத்தித் தொழிலுக்குப் படிப்பு கேட்பதில்லை. காபிச் செடி வளர்க்க அதில் பணம் தர மாட்டார்கள், வறுத்து அரைத்து விற்கத் தருவார்கள். மனுவில் ‘காபித் தோட்டம்’ என்ற சொல்லே வர வேண்டாம்.

முதலில் ஐந்து கிலோ வறுத்துப் பாருங்கள். பச்சைக்கொட்டை எவ்வளவு போட்டீர்கள், வறுத்த பிறகு எவ்வளவு நின்றது என்று எடைபோட்டு எழுதுங்கள். வறுத்தால் எடை குறையும், அந்தக் குறைவு விலையில் ஏறாவிட்டால் முதல் மாதமே நஷ்டம். உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான். சாதிச் சான்றை இப்போதே எடுத்து வையுங்கள். மலையிலிருந்து இறங்கிவர வேண்டாம், போனிலேயே எழுதி முடிக்கலாம்.

சூரமங்கலம்: மானியப் பணம் எப்போது கைக்கு வரும்?

வராது. பிரதமர் திட்டத்தில் அது உங்கள் பெயரில் வங்கியில் மூன்று வருடம் வைப்பாக இருக்கும், அந்த அளவுக்குக் கடன் வட்டி ஓடாது. தொழில் நடந்தால்தான் பிறகு கடனில் கழியும். மானியத்தை நம்பித் தொழில் தொடங்காதீர்கள்.

ஜங்ஷன், தட்டுவடை செட் வண்டி: எனக்கும் முத்ராவா?

முத்ரா சிறு தொழிலுக்கான அரசுத் திட்டக் கடன். உங்களுக்கு முதலில் சுவநிதி, அது தெரு வியாபாரிக்கானது. 15,000, சரியாகக் கட்டினால் 25,000, அப்புறம் 50,000. மாநகராட்சி அடையாள அட்டையோடு வாருங்கள்.

அம்மாப்பேட்டை, பட்டுத் தறி: இத்தனை காகிதம் எதற்கு? நான் ஏலச்சீட்டில் எடுத்துத் தறி போட்டேன். 5 லட்சம் சீட்டு, 20 பேர். மூன்றாம் மாதம் ஒன்றரை லட்சம் தள்ளி எடுத்தேன். ஒரு கையெழுத்து, அன்றைக்கே பணம்.

அண்ணா, எத்தனை வட்டி என்று பார்த்தீர்களா? தள்ளு போக மாதம் சராசரியாக எவ்வளவு கட்டினீர்கள்?

அதே அண்ணன்: 22,000. சீட்டில் ஏது வட்டி?

கையில் வந்தது 3,50,000. அதற்குள் நீங்கள் கட்டியது மூன்று மாதம், 66,000. ஆக மற்றவர் பணம் உங்களிடம் 2,84,000. பிறகு 17 மாதம் 22,000 வீதம் கட்டியது 3,74,000. தொண்ணூறாயிரம் கூடுதல். தவணையில் குறைந்துகொண்டே வரும் தொகைக்கு இதைப் போட்டுப் பார்த்தால் மூன்று ரூபாய் வட்டியைத் தாண்டுகிறது. அதே பணத்தை அதே 17 மாதத்துக்கு 11 சதவீதத்தில் வங்கியில் வாங்கியிருந்தால் வட்டி சுமார் 24,000.

அதே அண்ணன்: வங்கி ஏழு மாதம் அலையவிட்டது சார். தீபாவளி ஆர்டர் போயிருந்தால் அந்த நஷ்டத்தை உங்கள் கணக்கில் எங்கே எழுதுவீர்கள்?

எழுத இடமில்லை, ஒப்புக்கொள்கிறேன். மேஜைக்கு அந்தப் பக்கம் நானும்தான் பலரை அலையவிட்டிருக்கிறேன். ஆனால் நீங்கள் ஜூலையில் மனுப் போட்டுவிட்டுத் தீபாவளிக்குப் பணம் கேட்டவர். தை மாதமே வந்திருந்தால் சீட்டுக்குப் போயிருக்க வேண்டாம்.

குகை, டெய்லர்: அண்ணன் சொல்வது சரி. ஆனால் எங்கள் தெருவில் சீட்டுப் பிடித்தவர் ராத்திரியோடு ராத்திரியாகக் காலி செய்துவிட்டார்.

1982ஆம் வருடச் சட்டப்படி பதிவு செய்த சீட்டா என்று கேட்டீர்களா? பதிவு இல்லாத சீட்டில் நீங்கள் எத்தனை ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் வங்கிக்கு அது தெரியவும் போவதில்லை.

அதே அண்ணன்: வங்கிக்குத் தெரிந்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

அடுத்த தறிக்கு ஆகும். சீட்டுத் தவணையை வங்கி வழியாகக் கட்டியிருந்தால் அந்த ஸ்டேட்மென்ட்டையே எடுத்து வாருங்கள். மாதம் 22,000 தவறாமல் கட்டியவர் என்று அதைக் காட்டி நானே மனு எழுதித் தருகிறேன். வாதத்தை அங்கே முடித்துக்கொள்ளலாம், ஆறு பேர் காத்திருக்கிறார்கள்.

இளம்பிள்ளை: மானியம் கைக்கு எப்போது…

மேலே சூரமங்கலத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தாரமங்கலம்: சிபில் ஸ்கோர் எவ்வளவு வேண்டும்?

வாங்கிய கடனை எப்படிக் கட்டினீர்கள் என்பதற்கான மதிப்பெண் அது, 300 முதல் 900 வரை. இதுவரை கடனே வாங்காதவருக்கு ஸ்கோர் இருக்காது, அது குற்றமில்லை. வருடத்துக்கு ஒரு முறை இலவசமாக எடுக்கலாம். எடுத்துப் பார்த்தால் எப்போதோ வாங்கிய டிவி தவணையில் 800 ரூபாய் பாக்கி நிற்கும்.

சீலநாயக்கன்பட்டி: 8 லட்சத்துக்கு வீட்டுப் பத்திரம் கேட்கிறார்கள்.

சிறு, குறு தொழிலுக்கு 10 லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது என்று 2010இலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. ஏன் கேட்கிறீர்கள் என்று மரியாதையாக, எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.

அஸ்தம்பட்டி: அண்ணன் தம்பி பாகம் பிரிப்பதில்…

வக்கீலிடம் போங்கள்.

ஓமலூர்: இரண்டு சதவீதம் கொடுத்தால் முத்ரா உறுதி என்கிறார் ஒருவர். மானியமும் கைக்கே…

கண்ணு, அந்த ஆளிடம் ஆதார் நகல் கொடுத்திருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு. நோட்டு இல்லாமல் வருகிறவர்களுக்கு நோட்டு கீழ்க்கடையில் கிடைக்கும். மாடி ஏற முடியாதவர்கள் கீழே நின்று போன் செய்தால் நான் இறங்கி வருகிறேன்.