அரை மணி நேரத்தில் ஏடிஹெச்டி என்று சொல்லிவிட முடியுமா?

கேள்வி: என் மகனுக்கு ஆறரை வயது, ஒன்றாம் வகுப்பு. ஓர் இடத்தில் உட்காருவதில்லை என்று டீச்சர் தினமும் டைரியில் எழுதுகிறார். பள்ளி சொன்ன தெரபி சென்டரில் அரை மணி நேரம் பார்த்துவிட்டு ஏடிஹெச்டி என்றார்கள். பிரெயின் மேப்பிங், ஆறு மாதத் தெரபி எல்லாம் சேர்த்து 60,000 ரூபாயாம். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் அம்மா.

ஏடிஹெச்டி என்பது கவனக்குறைவும் அளவுமீறிய துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு. அதை உறுதிசெய்யும் ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ கிடையாது. பிரெயின் மேப்பிங் என்று மூளையின் மின் அலைகளைக் கலர் படமாக்கிக் காட்டி, 'பாருங்கள், இங்கே சிவப்பாக இருக்கிறது' என்பார்கள். நம்பிப் பணம் கட்டாதீர்கள். வீடு, பள்ளி இரண்டிலும் குறைந்தது ஆறு மாதமாக இந்தத் தொந்தரவு இருக்கிறதா, அதனால் படிப்போ பழக்கமோ கெடுகிறதா என்று பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் பொறுமையாகக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் பையன் எப்படி என்று சென்டரில் கேட்டார்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சில ஊர்களில் பிள்ளையை அனுப்பிவைப்பதற்கே கமிஷன் ஓடுகிறது.

முதலில் காதும் கண்ணும் பாருங்கள். இரவில் வாயைத் திறந்து குறட்டை விடுகிறானா? மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கினால் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் பெரியவர்கள்தான் பகலில் சோர்ந்து விழுவார்கள், பிள்ளைகள் துள்ளுவார்கள்.

மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. பரிசோதனை அவசியமாகும் நேரம் ஒன்று உண்டு. பேசிக்கொண்டிருக்கும்போதே பார்வை நிலைகுத்தி, சில நொடி உறைந்து, தொட்டாலும் அசையாமல், பிறகு எதுவுமே நடக்காததுபோலத் தொடர்கிறானா? அது கவனக்குறைவு இல்லை, ஒருவகை வலிப்பாக இருக்கலாம். டீச்சர் 'கனவு காண்கிறான்' என்பார். செல்போனில் வீடியோ எடுத்து மூளை நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். அவர் எழுதும் இ.இ.ஜி. வேறு, சென்டர் விற்கும் மேப்பிங் வேறு.

அப்புறம், மாவட்டத்தின் பெரிய அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி., அதாவது பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கவனிக்கும் அரசு மையம், எங்கே என்று விசாரியுங்கள். 18 வயது வரை இலவசம். 2013 முதல் இருக்கும் திட்டம் இது. தினமும் டைரி நிரப்பும் பள்ளி இதை ஒரு நாள் எழுதக் கூடாதா? பி.டி. பீரியடையும் கணக்குக்குப் பிடுங்கிக்கொண்டு, ஆறு வயதுப் பிள்ளை அசையாமல் உட்காரவில்லை என்று புகார் சொல்வது எனக்குத் தாங்கவில்லை.

ஏடிஹெச்டி என்றே உறுதியானால், பெற்றோருக்கான பயிற்சியில் தொடங்குவார்கள். தேவைப்பட்டு மனநல மருத்துவர் மாத்திரை எழுதினால் பயப்படாதீர்கள்.

போகும்முன், எந்தப் பீரியடில், எவ்வளவு நேரம் கழித்து எழுந்திருக்கிறான் என்று டீச்சரிடம் ஒரு வாரத்துக்கு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.